தூர்தர்ஷனின் தன்னாட்சி: சட்டத்தில் உண்டு, நடைமுறையில்?

தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் அரசு ஊடகங்கள் என்றே பலரும் நினைக்கிறோம். சட்டப்படி அவற்றை நடத்துவது பிரசார் பாரதி என்ற தன்னாட்சிக் கழகம். இருந்தும், ஆளுங்கட்சிக்குச் சாதகமாகச் செய்தி தருகிறார்கள் என்ற புகார் ஓயவில்லை. ஏன்?

எப்படிப் பிறந்தது?

நெருக்கடி நிலைக் காலத்தில், அரசுப் பிரச்சாரத்துக்கு ஒத்துழைக்க மறுத்த பாடகர் கிஷோர் குமாரின் பாடல்களை ஆகாசவாணி ஒலிபரப்பாமல் நிறுத்தியது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு, இப்படி இனி நடக்காதிருக்க வழி காணும்படி பத்திரிகையாளர் பி.ஜி.வர்கீஸ் தலைமையில் குழு அமைத்தது. தன்னாட்சி அமைப்பே தீர்வு என்றது குழு. வி.பி.சிங் ஆட்சியில், 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. ஆனால், நடைமுறைக்கு வந்தது 1997இல்தான். அதற்கிடையே, அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடிவாளம் யாரிடம்?

பிரசார் பாரதி வாரியத்தின் தலைவரைப் பரிந்துரைப்பது மூவர் குழு: மாநிலங்களவைத் தலைவர், பத்திரிகை கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர். இதில் எதிர்க்கட்சிக்கு இடமில்லை. ஊழியர் சம்பளத்துக்கோ மத்திய அரசின் மானியத்தை நம்பியிருக்க வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, எதை ஒளிபரப்பக் கூடாது என்று உத்தரவிடவும் சட்டத்தின் 23ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது.

ஆட்சி மாறியும்...

2014 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் இருந்தது. பாஜகவின் பிரதமர் வேட்பாளர் நரேந்திர மோடி தூர்தர்ஷனுக்கு அளித்த பேட்டியின் சில பகுதிகள் வெட்டப்பட்டது சர்ச்சையானது. மோடி பிரதமரான பிறகு, 2017இல், திரிபுராவின் மார்க்சிஸ்ட் முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை மாற்றித் தரும்படி ஆகாசவாணி கேட்டது. அவர் மறுத்தார், உரை ஒலிபரப்பாகவில்லை.

உரிமக் கட்டணம் மட்டும் போதுமா?

அரசு மானியத்தை நம்பாதிருந்தால் மட்டும் தன்னாட்சி வந்துவிடாது. பிரிட்டனின் பிபிசிக்கு, தொலைக்காட்சி பார்க்க மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணமே முதன்மை வருவாய். ஆனால், அதன் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அரசுதான். அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் கடன் பெற்ற விவகாரத்தில் தனக்கிருந்த தொடர்பை முழுமையாகத் தெரிவிக்காததால், தலைவர் ரிச்சர்ட் ஷார்ப் 2023இல் பதவி விலக நேர்ந்தது.

ஆக, பணம், நியமனம் இரண்டிலும் அரசின் பிடி தளர வேண்டும். தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவரைச் சேர்ப்பதும், நிதியைப் பல ஆண்டுகளுக்கு நாடாளுமன்றமே உறுதிசெய்வதும் முதல் படி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தன்னாட்சி கேட்பவர்கள், ஆட்சிக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியது வாக்காளர்கள்தான்.