பொம்மை ஜீப்புக்குப் புளி போடாதீங்க!

போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகுமே, அந்த ஜீப்பை உங்க மேசையில் நிறுத்த ஆசையா? மேட்ச்பாக்ஸ் 1966-இல் விட்ட 72-ஆம் எண் மஞ்சள் ஜீப் அதுக்குச் சரியா இருக்கும். ஆனா பித்தளை விளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ச்சிடாதீங்க. பாடி முழுக்க ஸமாக். அதாவது துத்தநாகத்தோடு சுமார் 4% அலுமினியம். அமிலமும் அரிக்கும், காஸ்டிக் சோடாவும் அரிக்கும். அடியில் இருக்கும் ரிவெட்டை மெதுவா ட்ரில் பண்ணி, பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிட்டு, பெயின்ட் ரிமூவர் போடுங்க. பழைய வண்டி தானாகவே விரிசல் விட்டு உதிர்ந்தால், வார்க்கும்போதே ஈயம் மாதிரி அசுத்தம் கலந்திருக்கும். அதைக் காப்பாத்த முடியாது. ஒரிஜினல் பெயின்ட்டும் அப்படித்தான், உரிச்சா போச்சு. நல்லா இருக்கிறதைத் துடைச்சு மட்டும் வையுங்க. அடிபட்டதைப் போடி ஜீப்பா மாத்துங்க.