எத்தனாவது பக்கம் சார்?

'சம்பளம் எவ்வளவு?' என்ற கேள்விக்கு அடுத்தபடியாக நம்ம ஆட்கள் கூசாமல் பொய் சொல்வது, 'இப்ப என்ன புத்தகம் படிக்கறீங்க?' என்ற கேள்விக்குத்தான். சம்பளத்தைக் குறைத்துச் சொல்வார்கள். படிப்பை உயர்த்திச் சொல்வார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தேகமிருந்தால் பக்கத்து ஸீட்காரரைக் கேட்டுப் பாருங்கள். டக்கென்று தலையணை சைஸில் ஒரு நாவலின் பெயர் வரும். 'எப்படியிருக்கு?' என்றால், 'அருமை சார்... மனுஷன் என்னமா எழுதியிருக்கான்!' என்பார். இந்தப் பதில் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். டெலிபோன் டைரக்டரிக்குக்கூட!

சென்னைப் புத்தகக் காட்சி 1977-லிருந்து நடக்கிறது. வருஷா வருஷம் கை வலிக்கப் பை தூக்கி வருகிறோம். அதில் பாதிப் புத்தகங்களுக்கு அட்டையோடு சரி, உள்ளே காற்றுகூடப் படுவதில்லை.

அதனால், போன வாரம் முழுக்க ஆபீஸ், மின்சார ரயில், டீக்கடை என்று ஆள் பிடித்தேன். மூன்றே மூன்று கண்டிஷன். ஒன்று, இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு, எத்தனாவது பக்கம் என்று சொல்ல வேண்டும். மூன்று, 'அருமை', 'சூப்பர்', 'நல்லாருக்கு' - இந்த மூன்று வார்த்தைகளுக்கும் தடா!

பாதிப் பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் சொன்னது இதோ...

கொரியர் வந்தியத்தேவன்

தாம்பரம் - பீச் மின்சார ரயில். ஜன்னலோரம் ஓர் இளைஞர். கையில் 'பொன்னியின் செல்வன்', மூன்றாம் பாகம். கொரியர் கம்பெனியில் வேலையாம்.

"வந்தியத்தேவனை எல்லாரும் வீரன், வீரன்னு சொல்றாங்க. எனக்கென்னமோ அவன் எங்க ஆளுன்னுதான் தோணுது சார். ஓலை கொண்டு போய்க் கொடுக்கணும், அவ்வளவுதான் வேலை. அதை விட்டுட்டு, கடம்பூர் மாளிகையில ராத்திரி சதியாலோசனையை ஒட்டுக் கேட்கறான்! எங்க மேனேஜர்கிட்ட இருந்தா மொத வாரமே சீட்டைக் கிழிச்சிருப்பாரு."

"அதான் 2022-லயும் 2023-லயும் ரெண்டு பாகமா படமே வந்தாச்சே... பார்க்கலியா?"

"பார்த்தேனே! படத்துல ஓலை சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுது. இதுல ஊருக்கு ஒருத்தர் வழி மறிக்கறாங்க. நம்ம பொழப்பும் அப்படித்தானே? அதான் பிடிச்சிருக்கு."

கல்கி 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதிய கதை. எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பாராட்டியிருப்பார்கள். 'டெலிவரி லேட்டாகுது, அதனால பிடிச்சிருக்கு' என்று பாராட்டியவர் இவராகத்தான் இருப்பார்.

பக்கம் நாற்பத்தொன்று

ஆபீஸில் சேல்ஸ் செக்‌ஷன் நண்பர். ஜேம்ஸ் கிளியர் எழுதி 2018-ல் வந்த 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' படிக்கிறார். பதினொரு மாதமாக! 'வாழ்க்கையே மாறிடும் ப்ரதர்' என்று எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் சிபாரிசு வேறு.

"எத்தனாவது பக்கம்?"

கொஞ்சம் தயங்கி, "நாற்பத்தொண்ணு" என்றார்.

தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் வருஷக் கடைசியில் சுமார் 37 மடங்கு ஆகிவிடலாம் என்பது அந்தப் புத்தகத்தின் கணக்கு. நான் காமர்ஸ் படித்தவன், கை சும்மா இருக்குமா? கூட்டு வட்டி போட்டுப் பார்த்தேன். கணக்கு சரிதான். ஆனால் தினம் ஒரு சதவீதம் பக்கம் படித்திருந்தாலே நூறாவது நாள் புத்தகம் முடிந்திருக்குமே!

நண்பர் கடைசியில் மனம் திறந்தார். "அவர் சொல்றதெல்லாம் சரிதாங்க. ஆனா ஒரே விஷயத்துக்கு உதாரணத்துக்கு மேல உதாரணமா அடுக்கறாரு. எனக்கு ரெண்டாவது உதாரணத்துலயே புரிஞ்சு போயிடுது. புரிஞ்சதும் தூக்கம் வந்துடுது."

பதினொரு மாதத்தில் அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் சொந்த அபிப்பிராயம்!

போர்வெல் எங்கே?

அடுத்தவர் அக்கவுன்ட்ஸ் பெரியவர். அவருடைய அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளரும்கூட. அசோகமித்திரனின் 'தண்ணீர்' படிக்கிறார். சின்னப் புத்தகம். முடியப் பத்துப் பக்கம்தான் பாக்கி.

"எனக்கு இதுல ஒரு கம்ப்ளெய்ன்ட் இருக்கு. 2019-ல ஏரியெல்லாம் வத்தி, ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்ததே, ஞாபகமிருக்கா? ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்படி ஏதாவது வழி சொல்லுவார்னு பார்த்தா, ம்ஹூம்! ஜனங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையறதையே எழுதறார். ஒரு போர்வெல்கூடப் போடலே!"

பக்கத்திலிருந்த டைப்பிஸ்ட் பையன் விடவில்லை. அவனும் படித்தவன்தான். "சார், அது குடிநீர் வாரிய ரிப்போர்ட் இல்லை. ஜமுனான்னு ஒருத்தி இருக்காளே... சினிமாவுல சின்னச் சின்ன வேஷம் கட்டறவ. அவளுக்கு வாழ்க்கையிலயே எதுவும் வத்தாம இல்லை. அதுக்கு எந்த போர்வெல் போடறது?"

"அப்ப புத்தகத்துக்கு ஜமுனான்னே பேர் வெச்சிருக்கலாமே?"

"வெச்சிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா?"

லஞ்ச் முடிந்தும் சண்டை முடியவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட மறந்துவிட்டார்கள்! மறுநாள் பெரியவர் வந்ததும் வராததுமாக, "அந்தப் பொண்ணைப் பத்தி நீ சொன்னதை யோசிச்சுப் பார்த்தேன்... ஆனாலும் போர்வெல் போட்டிருக்கலாம்" என்றார். தான் பாதி தோற்றதை இதைவிட நாகரிகமாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது.

செல்லாத பணம்

கடைசியாக எங்கள் கேஷியர். அதிர்ந்து பேச மாட்டார். இமையத்துக்கு 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது வாங்கித் தந்த 'செல்லாத பணம்' அவர் டிராயரில் இருந்தது.

"தலைப்பைப் பார்த்துட்டு 2016-ல ஐந்நூறு, ஆயிரம் ரூபா நோட்டு செல்லாதுன்னாங்களே, அந்தக் கதைன்னு நினைச்சு வாங்கினேன். நாள் முழுக்க நோட்டு எண்ணி எண்ணி விரல் மரத்துப்போச்சே!" என்று சிரித்தார்.

ஆனால் அது வேறு கதை. அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம். ஆட்டோ ஓட்டும் மாப்பிள்ளை. உடம்பெல்லாம் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் மகள். கையில் பணத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் வாசலில் காத்துக் கிடக்கிற குடும்பம்.

"எத்தனாவது பக்கம் சார்?"

"தொண்ணூத்தாறு. நாலு நாளா அங்கேயேதான் நிக்கறேன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேஷ் பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் பொண்ணும் அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டா. நல்லாத்தான் இருக்கான்னு சொல்றாங்க. எனக்கும் அவளுக்கும் ரெண்டு வருஷமாப் பேச்சு இல்லே. நம்பர் இருக்கு. எடுத்து எடுத்துப் பார்த்துட்டு வெச்சுடறேன். இந்தப் புத்தகத்துல எழுத்து எப்படி, நடை எப்படின்னெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியலைங்க. படிக்கப் பயமாயிருக்கு. படிக்காம வெக்கவும் பயமாயிருக்கு."

விருது கொடுத்தவர்கள் அந்த நாவலைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கலாம். இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை அவர்களால் எழுதியிருக்க முடியாது.

முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது, விமர்சனத்தில் படித்தது, சினிமாவில் பார்த்தது, நண்பன் சொன்னது எல்லாம் நம் வாயில் வந்து கலந்துவிடுகிறது. பாதியில் நிற்கிறவனுக்குக் கடன் வாங்க நேரமில்லை. பிடிக்கவில்லை, தூக்கம் வருகிறது, சண்டை போடணும் போலிருக்கிறது, பயமாயிருக்கிறது... எதைச் சொன்னாலும் அது அவன் சொந்தச் சரக்கு. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் தூங்குவதும் ஓர் அபிப்பிராயம்தான்.

இரண்டு நாள் கழித்து கேஷியரிடம் போனேன். போன் பண்ணினாரா என்று கேட்கவில்லை. பக்கம் மட்டும் கேட்டேன்.

"நூத்தி எண்பது" என்றார்.

நீங்களும் நாளைக்கு லஞ்ச் டயத்தில் பக்கத்து ஸீட்டைக் கேட்டுப் பாருங்களேன். 'என்ன படிக்கறீங்க?' என்று அல்ல. 'எத்தனாவது பக்கம்?' என்று. டீ மட்டும் உங்கள் செலவாக இருக்கட்டும்!