ஒரே நாளில் 78,569 பேர் 'குட்பை'!
டெலிபோன் கம்பெனியில் பாதி நாற்காலி காலி

சென்னை,
2020-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று ஒரே நாளில் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,569 பேர் விருப்ப ஓய்வில் வீட்டுக்குப் போனார்கள். சுமார் 1½ லட்சம் பேர் வேலை பார்த்த இடம். பாதிக்கு மேல் காலி! டெல்லி, மும்பை டெலிபோனைக் கவனித்த எம்.டி.என்.எல்.லிலும் அதே நாளில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 'அவுட்'.

சர்க்கார் வேலையை விட்டு யாராவது இப்படிக் கும்பலாகக் கிளம்புவார்களா? கிளம்பினார்களே!

சம்பளம் எங்கே?

2019 பிப்ரவரி மாத சம்பளம் நாள் தவறியது. 2000-ம் ஆண்டு அக்டோபரில் டெலிபோன் இலாகா கம்பெனியாக மாறிய பிறகு இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. 'கவர்மென்ட் மாப்பிள்ளை' என்று பெண் கொடுத்தவர்களே திகைத்துப் போனார்கள்.

அதற்கு முன்பே மனக்கசப்பு உண்டு. 2017-ல் பொதுத்துறைக்குப் புதிய சம்பளம் அறிவித்தார்கள். ஆனால் லாபம் காட்டும் கம்பெனிக்குத்தான்! 2009-10 முதல் நஷ்டத்தில் இருந்த பி.எஸ்.என்.எல்.லுக்கு கைவிரிப்பு.

இந்த நிலையில் 2019 நவம்பரில் ஓய்வுத் திட்டம் வந்தது. செய்த சர்வீசில் வருஷத்துக்கு 35 நாள் சம்பளம், மீதி சர்வீசுக்கு வருஷத்துக்கு 25 நாள் சம்பளம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

வயசு மட்டும் போதும்

தகுதி என்ன தெரியுமா? வயசு 50 ஆகியிருக்க வேண்டும். அவ்வளவுதான்! வேலை தெரிந்தவர் யார், நாற்காலியைத் தேய்த்தவர் யார் என்று பிரிக்கவே இல்லை.

வரும் 100 ரூபாயில் 75 ரூபாய் சம்பளத்துக்கே போகிறது என்பது சர்க்கார் சொன்ன கணக்கு. அதுவும் பொய் அல்ல. 2024 அக்டோபர்-டிசம்பர் 3 மாதத்தில் 262 கோடி ரூபாய் லாபம் வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு வந்த லாபம்.

ஆனால் போனது சம்பளச் செலவு மட்டும்தானா? தெருவுக்கு அடியில் ஓடும் செம்புக் கேபிளை மழைக்காலத்தில் தோண்டி, வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு என்று ஜோடி பிரித்து இணைக்கும் ஜாயின்ட்டர்களும் அதில் போனார்கள். எந்த முனையில் எத்தனை ஜாயின்ட், எது தண்ணீர் புகும் ஜாயின்ட் என்பதெல்லாம் அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்த சங்கதி. பழுது பார்க்கும் வேலை காண்டிராக்டர் கைக்குப் போனது. புதுப் பையன் வந்து மண்வெட்டியோடு நின்றால், எந்த இடத்தில் தோண்டுவது என்று சொல்ல பக்கத்தில் அந்தப் பழைய ஆள் கிடையாது.