ஊட்டி இ-பாஸ் லிங்க் வந்திருக்கா? ‘குட்டி லிங்க்’கை தட்டும் முன் இதை படிங்க!

ஊட்டி:

சீசன் வந்துவிட்டால் போதும், ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் காட்டேஜ் நடத்துபவர்கள், டாக்சி டிரைவர்களின் செல்போன் ஓயாமல் அலறும். “அண்ணே, இ-பாஸ் எப்படி எடுக்கிறது? லிங்க் அனுப்புங்க” என்பதுதான் வெளியூர்க்காரர்களின் முதல் கேள்வி.

சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024-ம் ஆண்டு மே 7-ந்தேதி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை அமலுக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6 ஆயிரம், சனி, ஞாயிறில் 8 ஆயிரம் வாகனங்கள் என்று கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது. பாஸ் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில், வாட்ஸ்அப்பில் எந்த லிங்க் வந்தாலும் பலர் தட்டி விடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

குட்டி லிங்க் என்றால் என்ன?

இணையதள முகவரி சில சமயம் 3, 4 வரிக்கு நீளும். அதை ஒரே வரியில் சுருக்கித்தர பல சேவைகள் உள்ளன. 2002-ல் ‘டைனி யூஆர்எல்’ வந்தது. 2008-ல் ‘பிட்லி’ வந்தது. நீள முகவரியை கொடுத்தால் சில எழுத்துக்கள் கொண்ட குட்டி முகவரி கிடைக்கும். யாராவது அதை தட்டினால் முதலில் அந்த சேவையின் கம்ப்யூட்டருக்கு போகும். அது பட்டியலை பார்த்து, அசல் பக்கத்துக்கு திருப்பி விடும்.

இதில் லாபமும் உண்டு. எத்தனை பேர் தட்டினார்கள் என்ற கணக்கு கிடைக்கும். போஸ்டரிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடிக்க வசதி.

சிக்கல் என்ன?

குட்டி லிங்கை பார்த்து அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பெயர் எழுதாத பஸ்சில் ஏறுவது மாதிரிதான். குன்னூர் போகிறதா, கூடலூர் போகிறதா என்பது இறங்கும்போதுதான் தெரியும். மோசடி பேர்வழிகளுக்கு இது ரொம்ப வசதி.

இ-பாஸ் முழுக்க இலவசம். பெயர், வாகன எண், வரும் நாள் போன்ற விவரங்கள் கேட்பார்கள். பணம் கட்டச்சொன்னாலோ, ஏ.டி.எம். கார்டு எண் கேட்டாலோ அது போலி என்று முடிவு கட்டுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

* பிட்லி லிங்க் என்றால் கடைசியில் ஒரு கூட்டல் குறி (+) சேர்த்து திறங்கள். எங்கே போகும் என்பதை முன்கூட்டியே காட்டும்.

* முழு முகவரி தெரிந்ததும், இரட்டை சாய்கோட்டுக்கு பிறகு வரும் முதல் ஒற்றை சாய்கோட்டை பாருங்கள். அதற்கு சற்று முன்னால் இருப்பதுதான் அசல் பெயர். 2024-ல் அறிவிக்கப்பட்ட இ-பாஸ் முகவரி ‘இபாஸ்’ என்று தொடங்கி, தமிழக மின் ஆளுமை முகமையின் ‘டி.என்.இ.ஜி.ஏ.’ என்ற எழுத்துக்கள், ‘ஆர்க்’ என்று முடியும். ‘ஆர்க்’குக்கு பின்னால் புள்ளி வைத்து வேறு பெயர் ஒட்டியிருந்தால் உஷார்!

* லிங்கை தட்டியதும் ‘ஏ.பி.கே.’ பைல் இறங்கினால் இன்ஸ்டால் செய்யவே கூடாது.

அனுப்புபவர்கள் கவனத்துக்கு...

காட்டேஜ்காரர்கள், டிரைவர்கள் இ-பாசுக்கு முழு முகவரியையே அனுப்புவது நல்லது. வாடிக்கையாளருக்கும் நம்பிக்கை வரும். குட்டி லிங்க் அனுப்பினால், அது எதற்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

போர்டில் அச்சடிக்கும் முன்பும் யோசியுங்கள். சேவையை மூடினால் லிங்க் செத்துப்போகும். கூகுள் நிறுவனமே தன் ‘கூ.ஜிஎல்’ சேவையில் 2019-ல் புது லிங்க் தருவதை நிறுத்தியது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய லிங்க்குகளை 2025 ஆகஸ்டில் முடக்குவதாக அறிவித்தது. கூகுள் மேப்பில் இருந்து பகிரும் லிங்க்குகளுக்கு பாதிப்பு இல்லை.

பணம் போய்விட்டால்?

எஸ்டேட்டில் கொழுந்து பறித்து சேர்த்த கூலியும், டாக்சி ஓட்டி சேர்த்த பணமும் ஒரு தட்டலில் போய்விடும். அப்படி நடந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். அடுத்து பேங்க்குக்கு சொல்லி கணக்கை முடக்குங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.