உரம் வேண்டாத ஊதாவெளி

நெதர்லாந்து என்றதும் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் தட்டையான வயலும், கால்வாயும், காற்றாலையும்தான் பலருக்கு நினைவு வரும். அந்த நாட்டின் வடகிழக்கில் இருக்கும் ட்ரென்தெ மாகாணம் வேறு மாதிரி. கடலைவிடப் பத்து, பதினைந்து மீட்டர் உயரத்தில் இருக்கும் மணல்மேடு அது. அங்கே ட்விங்கெல்டர்ஃபெல்ட் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு சுமார் 3,700 ஹெக்டேர். 1991-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். முழங்கால் உயரம்கூட வளராத ஹீதர் புதர்கள் கண்ணுக்கெட்டியவரை பரந்திருக்கும். அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன ஏரிகள், ஓரங்களில் பைன் காடு. ஆகஸ்டில் ஹீதர் பூக்கும்போது தரை முழுக்க ஊதா நிறம். இப்படி ஹீதர் வளரும் வெளிக்கு ஹீத்வெளி என்று பெயர்.

குழந்தைகளே, இந்த இடத்தைச் சுற்றிப் பார்க்க மிகச் சரியான வண்டி கிராவல் சைக்கிள். சரளைக்கல், மணல், காட்டுத்தடம் எல்லாவற்றிலும் ஓடுவதற்கென்றே செய்தது. பந்தய சைக்கிளைப் போலவே அதற்கும் வளைந்த ஹேண்டில்பார் உண்டு. டயர் மட்டும் அகலம். பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் வரை இருந்தால், இதன் டயர் 40 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். உள்ளே அடிக்கும் காற்றும் குறைவு. ஏன்?

பென்சிலை எடுங்கள், ஒரு கணக்கு போடலாம். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால், டயர்கள் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய கிடைத்துவிடும். பந்தய டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம். 60-ஐ 6-ஆல் வகுத்தால் 10 சதுர சென்டிமீட்டர். இரண்டு சக்கரமும் சேர்த்தே அவ்வளவுதான்! கிராவல் டயரில் அழுத்தம் 2 கிலோ. இப்போது பரப்பு 30 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அதே எடை மூன்று மடங்கு இடத்தில் பரவுவதால் மணலில் சக்கரம் அவ்வளவாகப் புதைவதில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. கல்லின்மேல் கெட்டியான டயர் ஏறும்போது சைக்கிளும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கப்படுகிறார்கள். ஒவ்வொரு தூக்கலுக்கும் சக்தி வேண்டும், அந்தச் சக்தி உங்கள் காலிலிருந்துதான் வர வேண்டும். மென்மையான டயரிலோ, தலையணையில் முழங்கை அமிழ்வது போலக் கல் அமிழ்ந்துவிடும். சைக்கிள் பெரும்பாலும் தன் உயரத்திலேயே ஓடும். காற்று குறைந்தால் வண்டி மெதுவாகத்தான் போகும் என்பது வழவழப்பான தார் ரோட்டுக்குப் பொருந்தும். சரளைப் பாதையில் பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கும்.

ட்விங்கெல்டர்ஃபெல்டின் மணல்தடத்தில் ஓட்டுகிறவர்கள் மழை நின்ற மறுநாள் மகிழ்ச்சியாகக் கிளம்புவார்கள். காய்ந்த மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் சறுக்கிவிடும், முன்சக்கரம் இழுபடும். கொஞ்சம் ஈரம் சேர்ந்ததும் துகள்களுக்கு இடையே மெல்லிய நீர்ப்பாலங்கள் உண்டாகின்றன. நீரின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துவிடுவதால் தடம் கெட்டியாகிவிடுகிறது. நீர் அதிகமாகி இடைவெளி முழுக்க நிரம்பிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். ஒரு கிண்ணம் மணலும் ஒரு கரண்டித் தண்ணீரும் இருந்தால் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். வசந்தகாலக் காலையில் வெயில் பட்டுச் சூடேறும் மணலில் ஆடர் என்ற விரியன் பாம்புகள் குளிர்காய வந்து படுக்கும். அதனால் அங்கே மெதுவாகப் போக வேண்டும், தடத்தை விட்டு இறங்கவும் கூடாது.

மணலில் தண்ணீர் நிற்காது அல்லவா? பிறகு இத்தனை ஏரிகள் எப்படி வந்தன?

பதில் தரைக்கு அடியில் இருக்கிறது. சுமார் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், ஸ்காண்டிநேவியாவிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் நெதர்லாந்தின் பாதியை மூடியிருந்தது. வருகிற வழியில் பாறைகளை நொறுக்கி அரைத்து, களிமண்ணும் கல்லும் கலந்த ஒரு கெட்டியான அடுக்கை விட்டுப் போனது. அதில் தண்ணீர் எளிதில் இறங்காது. கடைசிப் பனியுகத்தில் காற்று மணலை வாரிக் கொண்டுவந்து அதன்மேல் கொட்டியது. ஆகவே மேலே மணல், கீழே மழைநீரைத் தாங்கும் களிமண். பனி சுமந்து வந்த பெரும்பாறைகளும் அங்கேயே கிடந்தன. 5,000 ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த உழவர்கள் அவற்றை அடுக்கிக் கட்டிய கல்லறைகளில் இரண்டை, பூங்காவுக்குத் தென்மேற்கே ஹாவெல்டெ என்ற ஊர்ப்பக்கம் இன்றும் பார்க்கலாம்.

ட்ரென்தெயின் வட்டமான ஏரிகள் சிலவற்றுக்கு இன்னும் சுவையான பிறப்பு. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளம் இங்கே வரவில்லை. ஆனால் நிலம் ஆழம்வரை உறைந்து கிடந்தது. அடியிலிருந்து அழுத்தத்தோடு மேலே வந்த நீர், மேற்பரப்புக்குக் கீழேயே உறைந்து ஒரு பனிக்கட்டி ஆனது. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்று படித்திருப்பீர்கள். அந்த விரிவு மட்டும் ஒரு குன்றைத் தூக்கிவிடாது. புதிது புதிதாக நீர் வந்து சேர்ந்து உறைந்துகொண்டே போனதால்தான் பனிக்கட்டி பெருத்து, மேலிருந்த மண்ணைக் குன்றாக உயர்த்தியது. இதற்குப் பிங்கோ என்று பெயர். கனடாவின் வடகோடியில் டுக்டோயக்டுக் என்ற ஊருக்குப் பக்கத்தில் இன்றும் பிங்கோக்கள் நிற்கின்றன. அவற்றில் பெரியதான இப்யுக் கிட்டத்தட்ட 50 மீட்டர் உயரம். ட்ரென்தெயில் காலநிலை வெப்பமானபோது, குன்றின் மேல்மண் சரிந்து சுற்றிலும் வரப்பாகச் சேர்ந்தது. நடுவில் இருந்த பனிக்கட்டி உருகிப் பள்ளம் விழுந்தது. மேக்கலர்மேர் என்ற ஏரி அப்படிப் பிறந்ததுதான். இந்த ஏரிகளின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த சேற்றில் அந்தந்தக் காலத்து மகரந்தம் அழியாமல் இருக்கிறது. விஞ்ஞானிகள் நீளமான குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, எந்தக் காலத்தில் எந்த மரம் வளர்ந்தது என்று வரிசையாகப் படித்துவிடுகிறார்கள்.

அந்த மகரந்தம் சொல்லும் பெரிய செய்தி, ஹீத்வெளி இருக்கும் இடத்தில் முன்பு காடு இருந்தது என்பது. காட்டை அழித்தவர்கள் மனிதர்கள். அந்த இடத்தை நூற்றாண்டுக் கணக்கில் ஹீத்வெளியாகவே வைத்திருந்தவை ஆடுகள்.

எப்படி என்று பாருங்கள். செம்மறியாடுகள் பகலில் வெளியில் மேயும், இரவில் கொட்டகைக்குத் திரும்பும். உழவர்கள் ஹீதரை வேரும் மேல்மண்ணுமாகத் தகடு தகடாக வெட்டி வந்து கொட்டகையில் பரப்புவார்கள். ஆட்டுச் சாணமும் சிறுநீரும் ஊறிய அந்த மண்தகடுதான் ஊர்ப்பக்கத்துக் கம்புநெல் வயலுக்கு, அதாவது ரை தானிய வயலுக்கு, உரம். வெளியிலிருந்த சத்தெல்லாம் வயலுக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. ஆண்டுக்கு ஆண்டு வெளியின் மண் சத்திழந்து, புளித்து, வெளிறிப்போனது.

அந்தப் பசித்த மண்தான் ஹீதருக்கு வாழ்வு. அதன் மயிரிழை வேர்களுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. மற்றச் செடிகளால் எடுக்க முடியாத சத்தை மட்காத தழையிலிருந்து அது பிரித்துத் தருகிறது, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. ஈரமான இடங்களில் பனித்துளிச் செடி என்ற டிரோசீரா வளர்கிறது. மண்ணில் நைட்ரஜன் கிடைக்காததால், சிவந்த முடிகளின் நுனியில் ஒட்டும் துளிகளை ஏந்திப் பூச்சிகளைப் பிடித்துச் செரித்துக்கொள்கிறது. நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இதன் உறவுச் செடி உண்டு.

1900-ஐ ஒட்டி இரசாயன உரம் வந்தது. மண்தகடும் ஆட்டுச் சாணமும் தேவைப்படவில்லை. பெரும்பாலான ஹீத்வெளிகள் உழுத வயலாகிவிட்டன. மிஞ்சியவற்றுக்கு வேறு ஆபத்து, அதுவும் வானத்திலிருந்து. மாட்டுப் பண்ணைகளின் சாணத்திலிருந்து அம்மோனியா ஆவியாகிறது, வாகனப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவருகின்றன. இரண்டும் காற்றிலும் மழையிலும் இறங்கி, யாரும் கேட்காமலே வெளிக்கு உரம் போடுகின்றன. உடனே மொலினியா என்ற புல் செழித்து உயர்ந்து ஹீதரின் வெயிலைத் திருடிவிடுகிறது. ஊதாவெளி புல்வெளியாகிறது. சத்து கூடினால் உயிர்வகை குறைகிறது! இந்தப் பூங்காவைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் நீங்கள் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும் என்பேன்.

அதனால்தான் இன்று ரூய்னென் என்ற ஊரிலிருந்து கொம்புள்ள ட்ரென்தெ ஆடுகளை மேய்ப்பர்கள் மறுபடி ஓட்டி வருகிறார்கள். பூங்காவின் நடுவே நோர்டன்ஃபெல்ட் என்ற வயல்பகுதி இருந்தது. அதன் உரமேறிய மேல்மண்ணையே சுரண்டி எடுத்துவிட்டார்கள். கீழிருந்த ஏழை மண்ணில் ஹீத்வெளி திரும்பி வருவதற்காக இந்த வேலை. எடுத்த மண்ணும் வீணாகவில்லை. பக்கத்தில் ஓடும் ஏ28 நெடுஞ்சாலை ஓரம் அதை நீண்ட மேடாகக் கொட்டி, வண்டி இரைச்சலைத் தடுத்திருக்கிறார்கள்.

 

இனி பைன் காடு. மண்தகடு வெட்டுவது எல்லை மீறிய இடங்களில் வெறும் மணல் எழுந்து பறந்து வயல்களை மூடியது. அதைக் கட்டிப்போட நெட்டைப் பைன் மரங்களை நட்டார்கள். 1899-இல் தொடங்கிய அரசு வனத்துறைக்கு இதுவே பெரிய வேலை. மரங்கள் வரிசை வரிசையாக நிற்பது அதனால்தான். நெதர்லாந்தின் தென்கோடியில் லிம்பர்க் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கக் கூரையைத் தாங்கும் முட்டுக்கால்களுக்குப் பைன் மரமே உகந்தது என்பார்கள். ஒடிவதற்கு முன் அது கிறீச்சிட்டு எச்சரிக்குமாம்.

சுரங்கத்திலிருந்து சைக்கிள்காரர்களுக்கும் ஒரு பரிசு கிடைத்தது. எல்லைக்கு அப்பால் பெல்ஜியத்தில் இருக்கும் லிம்பர்க்கில், ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் இருந்தார். நிலத்தடிப் பாதைகளின் சந்திப்புகளுக்கு எண் கொடுத்து வழி கண்டுபிடிக்கும் முறை அவருக்குப் பழக்கம். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கும் எண் கொடுத்தால் என்ன என்று 1990-களில் யோசித்தார். அந்த முறை நெதர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது. கிளம்பும் முன் வரைபடத்தைப் பார்த்து நாலைந்து எண்களைச் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். ஒவ்வொரு சந்திப்பிலும் நிற்கும் பலகை அடுத்த எண் எந்தப் பக்கம் என்று காட்டும்.