துயரை அளக்கும் வெப்பமானி

காய்ச்சல் கண்டால் வெப்பமானி கொண்டு உடல் வெப்பத்தை அளக்கிறோம். மனத்துயரை அவ்வாறு அளக்க இயலுமா? புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வினா இன்றியமையாதது.

புற்றுநோயாளர் பலர் தம் மனத்துயரைத் தாமாகக் கூறுவதில்லை. குடும்பத்தார் கலங்குவர் எனச் சிலர் அதனை மறைப்பர். மருத்துவருக்கு இதைக் கேட்க நேரம் இராது எனச் சிலர் வாய் திறவார். உறக்கமின்மை, பசியின்மை, சோர்வு ஆகியன மனத்துயரின் அடையாளங்கள். ஆயினும், அவை நோயாலும் மருந்தாலும்கூடத் தோன்றும். எனவே, நோயாளரைப் பார்த்த அளவில் அவர் துயரை அறிதல் அரிது. கேட்டறிவதே வழியாகும்.

நியூயார்க் நகரின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஜிம்மி ஹாலண்ட் என்னும் மனநல மருத்துவர் பணியாற்றினார். அவரும் அவருடைய குழுவினரும் ‘துயர் வெப்பமானி’ என்னும் எளிய கருவியை உருவாக்கினர். அதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாளில் வரையப்பட்ட வெப்பமானிப் படமே அக்கருவி. அதில் 0 முதல் 10 வரை எண்கள் இருக்கும். துயர் இல்லையெனில் 0. மிகக் கடுந்துயர் எனில் 10. நோயாளர் தம் நிலைக்கேற்ற எண்ணைக் குறிப்பார். அந்த எண் 4 அல்லது அதற்கு மேல் இருப்பின், வலியா, அச்சமா, பணக்கவலையா எனச் செவிலியரோ மனநல ஆலோசகரோ மேலும் வினவுவர்.

துயர் மிகுவதற்கு முன்பே அதனை ஓரளவு எதிர்பார்க்கவும் இயலும். தனித்து வாழ்வோர், சிறு குழந்தைகளை உடையோர், பொருள் முடை உடையோர், முன்பே மனச்சோர்வுக்கு ஆளானோர், மருத்துவரின் மொழி அறியாதோர் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை. ஆய்வு முடிவுக்குக் காத்திருக்கும் நாள்களும், நோய் திரும்பிய காலமும் கடினமானவை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளும் அத்தகையதே. நாள்தோறும் உடனிருந்த செவிலியர் இனி அருகில் இரார். நோய் மீளுமோ என்னும் அச்சமோ உடன்வரும்.

மும்பையிலோ தில்லியிலோ சிகிச்சை பெறும் தமிழ் மூதாட்டி, வலிக்கும் இடத்தைக் கையால் சுட்டிக் காட்டிவிடலாம். அச்சத்தை அவ்வாறு காட்ட இயலாது. அதனைக் கூறத் தாய்மொழி வேண்டும். மருத்துவச் செய்திகளை மொழிபெயர்ப்பது பெரியோர் பணி. ஆனால், “பாட்டி, இன்று மனம் எப்படி இருக்கிறது?” எனத் தமிழில் கேட்கவும், விடையைப் பொறுமையுடன் செவிமடுக்கவும் சிறுவர்க்கும் இயலும். பாட்டி தம் கவலையைக் கூறினால், அதனைப் பெற்றோரிடம் தெரிவித்தல் வேண்டும். அவர்கள் வழியாக அது மருத்துவரைச் சென்றடையும்.

சொற்பொருள்
முடை – தட்டுப்பாடு
வினவுதல் – கேட்டல்
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்

விடையளிக்க
1. நோயாளரின் மனத்துயரைப் பார்த்த அளவில் அறிதல் ஏன் அரிது?
2. சிகிச்சை முடிந்த பின்பும் துயர் ஏன் தோன்றுகிறது?