காட்டின் நாடி

உடல்நிலையை அறிய வைத்தியர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கிறார். காட்டில் வாழும் எல்லா உயிர்களையும் எண்ணி முடிப்பதும் இயலாத செயல். ஆகவே, சிலவற்றை மட்டும் அளந்து மற்றவற்றின் நிலையை உணர முயல்கிறோம். அவ்வாறு அளக்கப்படுவதே பல்லுயிர்க் குறிகாட்டி. எதை நாடியாகக் கொள்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

மலேசியாவில் நாம் அடிக்கடி கேட்கும் குறிகாட்டி வனப்பரப்பு. நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாகவே வைத்திருப்போம் என்று 1992-இல் ரியோ மாநாட்டில் நம் நாடு உறுதியளித்தது. இதைச் செயற்கைக்கோள் படங்களால் அளக்கலாம், ஆண்டுதோறும் ஒப்பிடலாம். ஆனால், நாட்டின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகமான ஈமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தபோது, அம்மரணம் இந்த விழுக்காட்டில் ஒரு புள்ளியையும் குறைக்கவில்லை. மரத்தடியில் சட்டவிரோத வேட்டைக்காரர்கள் வைக்கும் கம்பிக் கண்ணியும் வானிலிருந்து தெரிவதில்லை.

அப்படியானால் புலியை எண்ணலாமா? 2016 முதல் 2020 வரை நடைபெற்ற முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, 150-க்கும் குறைவான மலாயாப் புலிகளே காடுகளில் எஞ்சியுள்ளன என மதிப்பிட்டது. வனப்பரப்பு மறைத்ததை இந்த எண் வெளிப்படுத்தியது. ஆயினும், ஒரு கணக்கெடுப்புக்கே பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன. முடிவு வரும்போது நோய் முற்றிவிடுகிறது.

இங்குதான் சாண வண்டு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாலூட்டிகளின் சாணமே அதன் முதன்மை உணவு. விலங்குகள் குறைந்தாலும், காட்டின் நிழல் அழிந்தாலும் வண்டின் வகைகளும் எண்ணிக்கையும் மாறுகின்றன. மண்ணில் ஒரு குவளையைப் புதைத்து, மேலே சிறிது சாணத்தைத் தொங்கவிட்டால் போதும். வண்டுகள் தாமாக வந்து விழும். அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் அடுத்த ஆண்டும் செய்யலாம். செலவும் குறைவு.

ஆக, நல்ல குறிகாட்டி நாம் அஞ்சும் இழப்போடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். விரைவாக மாற வேண்டும். யார் அளந்தாலும் ஒரே முறையில் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றே சொல்லிவிடாது. ஆற்று மீன்களின் நிலையைச் சாண வண்டிடம் கேட்க முடியாது. எனவே, சில குறிகாட்டிகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி யாரேனும் பசுமை விழுக்காட்டைக் காட்டி நம்மை மகிழச் சொன்னால், நாம் ஒரு கேள்வி கேட்போம்: எந்த உயிர் மறைந்தால் இந்த எண் குறையும்?